மலையடிவார மழைக்குத் துருவத்தில் ஒரு சாட்சி

 இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது துருவப் பகுதிகளும் பருவநிலை மாற்றமும். தலைப்பைக் கேட்டதும் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். சித்திரை வெயிலில் தார்ச்சாலை இளகுகிற ஊரில் பனிப்பாறையைப் பற்றிப் பேச்சா? வடதுருவம் எங்கே, நம் இராஜபாளையத்துச் சஞ்சீவி மலை எங்கே? நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த ஒரு மணி நேரம். என் வாதம் ஒன்றே ஒன்று. நம் ஊர் வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பருவநிலை மாற்றம் நமக்குப் புரியவே புரியாது. அதற்கான தெளிவான சாட்சியம் துருவங்களில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வந்து பார்த்தால்தான் நம் தலைக்கு மேல் நடப்பது விளங்கும்.

ஏன் நம் ஊர் வானத்தை நம்பக்கூடாது என்கிறேன்? நாம் இருப்பது மழைமறைவுப் பகுதி. ஆனி, ஆடியில் வருகிற தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்கையோடு இறங்குகிறது. உச்சியில் விழுகிற சாரலில் ஐயனார் கோவில் ஆற்றில் கொஞ்சம் தண்ணீர் வரும். இராஜபாளையத்தின் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை மழைதான். அதுவும் வங்கக் கடலில் எந்தத் தாழ்வு மண்டலம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு வருஷம் கண்மாய் மறுகால் பாய்கிறது. அடுத்த வருஷம் அதே கண்மாய்க்குள் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். இது நேற்று வந்த நிலைமை இல்லை. அந்தக் காலத்தில் மாதம் மும்மாரி பெய்தது என்று பெருமூச்சு விடுகிறவர்கள், 1876 முதல் 1878 வரை இந்தச் சீமையைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சமும் அந்தக் காலத்தில்தான் வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். இப்படி ஏறியும் இறங்கியும் ஆடுகிற மழையில், மெதுவாக வருகிற ஒரு மாற்றத்தைக் கண்ணால் பிரித்தெடுக்க முடியுமா? முடியாது. அதனால்தான் பருவநிலை மாறிவிட்டதா இல்லையா என்ற டீக்கடை விவாதத்தில் இரண்டு கட்சியும் ஜெயிக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிற காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு முழுவதும் சராசரியாகப் பெய்கிற மழையைவிட அது அதிகம். தாமிரபரணி கரை கடந்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஒரு ரயிலே பயணிகளோடு நீருக்கு நடுவில் நின்றுபோனது. இது பருவநிலை மாற்றத்தால் வந்த மழையா? அந்த ஒரு நாளை மட்டும் வைத்து ஆம் என்று சொல்கிறவர் அவசரப்படுகிறார். இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்கிறவரும் அதே அளவு அவசரப்படுகிறார். ஒரு நாள் மழையிலிருந்து தீர்ப்பு எழுத முடியாது. நீண்ட காலக் கணக்கு வேண்டும். எவ்வளவு நீளம்? நூறு ஆண்டு போதாது, ஆயிரம் ஆண்டு போதாது. மனிதன் நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிக்கத் தொடங்குவதற்கு முன்பிருந்த காற்று எப்படி இருந்தது என்று காட்டுகிற கணக்கு வேண்டும். அப்படி ஒரு கணக்கு இந்த உலகத்தில் இருக்கிறதா?

இருக்கிறது. அண்டார்டிகாவின் பனிக்குள் இருக்கிறது. அந்தக் கண்டத்தின் நடுப்பகுதியில் விழுகிற பனி உருகுவதில்லை. இந்த ஆண்டுப் பனி போன ஆண்டுப் பனியின் மேல் உட்காருகிறது; அதன் மேல் அடுத்த ஆண்டுப் பனி. மேலே பாரம் ஏற ஏற அடியில் இருப்பது அழுந்தி இறுகிக் கட்டியாகிறது. இறுகும்போது பனித்துகள்களுக்கு இடையில் இருந்த காற்று சின்னச் சின்னக் குமிழிகளாக உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அந்தக் குமிழி அன்றைய வானத்தின் ஒரு துளி. விஞ்ஞானிகள் உள்ளே குழலைச் செலுத்தித் துளையிட்டு, நீண்ட உருளைகளாக அந்தப் பனியை வெளியே எடுக்கிறார்கள். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ‘டோம் சி’ என்ற இடத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் துளையிட்டு எடுத்த பனியில் 8 லட்சம் ஆண்டுகளின் காற்று கிடைத்தது. உருளையில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் படபடவென்று பொரிகிற சத்தம் கேட்கும். அழுத்தத்தில் அடைபட்ட பழங்காலக் காற்று வெடித்து வெளியேறுகிற சத்தம் அது. பனியிலுள்ள ஆக்சிஜனில் கனமான அணுவும் லேசான அணுவும் என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று பார்த்தால், அந்தப் பனி விழுந்த காலத்தின் வெப்பநிலை தெரிந்துவிடும். 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தபோது பறந்த கந்தகமும் அதில் படிந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டு அணுகுண்டுச் சோதனைகளின் தடயமும் படிந்திருக்கிறது. எந்த அரசாங்கமும் திருத்த முடியாத பதிவேடு அது.

அந்தப் பதிவேடு என்ன சொல்கிறது? இந்த 8 லட்சம் ஆண்டுகளில் காற்றில் கரியமில வாயுவின் அளவு பத்து லட்சத்துக்கு 180 பங்குக்கும் 300 பங்குக்கும் நடுவிலேயே ஏறி இறங்கியிருக்கிறது. 180ஐத் தொட்டபோதெல்லாம் பனியூழி. 280ஐ ஒட்டி வந்தபோதெல்லாம் இதமான காலம். தொழிற்புரட்சிக்கு முன்பு 280. ஹவாய்த் தீவில் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கிய 1958இல் 315. இன்றைக்கு 420ஐத் தாண்டிவிட்டது. எட்டு லட்சம் ஆண்டு காணாத அளவு. மனித இனம் விவசாயம் செய்யக் கற்றுக்கொண்டதே கடைசிப் பத்துப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகளில்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். நெல்லும் பருத்தியும் மாந்தோப்பும் ஊரும் கோவிலும் எல்லாம் அந்த 260க்கும் 280க்கும் இடைப்பட்ட இதமான காலத்தில் உருவானவை.

இங்கே ஒரு மறுப்பு வரும். வரவேண்டும். ‘பனியே சொல்கிறதே ஐயா, பருவநிலை முன்பும் மாறியிருக்கிறது என்று! அப்போது காரும் இல்லை, ஆலையும் இல்லை. இதுவும் தானாக வந்து தானாகப் போகிற மாற்றம்தான்.’ மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. எவ்வளவு வேகத்தில் என்று பாருங்கள். கடைசிப் பனியூழி முடிந்தபோது கரியமில வாயு ஏறத்தாழ 80 பங்கு உயர்ந்தது. அதற்கு எடுத்துக்கொண்ட காலம் சுமார் ஏழாயிரம் ஆண்டு. நாம் 1958க்குப் பிறகு நூறு பங்குக்கும் மேல் ஏற்றியிருக்கிறோம், ஒரு மனித ஆயுளுக்குள்ளேயே. காட்டில் தானாகப் பற்றுகிற தீ காலங்காலமாக உண்டு என்பதற்காக, தீப்பெட்டியோடு பிடிபட்டவனை விட்டுவிடுவோமா? தீப்பெட்டியும் பிடிபட்டிருக்கிறது. நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் உள்ள கரி கோடிக்கணக்கான ஆண்டு பழையது. உயிருள்ள மரத்தில் இருக்கிற கரி-14 என்ற வகை அதில் துளியும் இல்லை. காற்றில் சேரும் கரியிலும் அதே குறை தெரிகிறது. பூமிக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்து எரித்ததுதான் இது என்பதற்கு அதுவே கைரேகை.

இன்னொரு மறுப்பு, ‘சூரியன்தான் காரணம், சூரியனுக்குச் சூடு கூடிவிட்டது’ என்பது. இதற்குப் பதில் நமக்குப் பக்கத்து மலையிலேயே இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1901 முதல் சூரியனைக் கண்காணித்து வருகிறது. 1904 முதல் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. சூரியப் புள்ளிகள் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைவதை அந்தப் படங்களில் வரிசையாகப் பார்க்கலாம். 1970களின் பிற்பகுதியிலிருந்து செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியின் ஆற்றலை நேரடியாகவே அளக்கின்றன. அதே ஆட்டம் தெரிகிறது. பூமியின் சூட்டை விளக்கக்கூடிய ஏற்றம் எதுவும் தெரியவில்லை. அதைவிட வலுவான சாட்சி வடதுருவத்தில் கிடைக்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், நை-ஆலசுண்ட் என்ற இடத்தில், 2008 முதல் ‘ஹிமாத்ரி’ என்ற இந்திய ஆய்வு நிலையம் இயங்குகிறது. அங்கே அக்டோபர் இறுதியில் மறைகிற சூரியன் மறுபடி பிப்ரவரியில்தான் தலைகாட்டும். நான்கு மாதம் தொடர்ந்து இரவு. வட துருவப் பகுதியில் எந்தப் பருவம் மிக அதிகமாகச் சூடேறியிருக்கிறது தெரியுமா? அந்தச் சூரியனே இல்லாத குளிர்காலம்தான்! சூரியன்தான் குற்றவாளி என்றால், அவர் ஊரிலேயே இல்லாத மாதங்களில் குற்றம் எப்படி அதிகமாக நடந்தது? சூட்டை வெளியே விடாமல் போர்த்தி வைக்கிற வாயுக்களும், பனி குறைந்ததால் திறந்து கிடக்கிற கடல் வெளிவிடும் வெப்பமும் சேர்ந்துதான் அந்த இருட்டைச் சூடாக்குகின்றன.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. ‘வடதுருவத்தில் பனி குறைகிறது சரி, தென்துருவத்தில் கூடியதே, அதை ஏன் சொல்வதில்லை?’ சொல்கிறேன். 1979 முதல் செயற்கைக்கோள் கணக்கு இருக்கிறது. வட துருவக் கடலில் செப்டம்பர் மாதம்தான் பனி மிகக் குறைந்திருக்கும் மாதம். 1980களில் அந்த மாதத்தில் ஏறத்தாழ 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பனி மிதந்தது. 2012இல் அது 34 லட்சத்துக்கு இறங்கியது. இழந்த பரப்பில் இந்தியா முழுவதையும் வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். தென்துருவத்திலோ 2014இல் கடல்பனி 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டிச் சாதனை படைத்தது. உண்மை. அப்போது மறுப்பாளர்கள் கொண்டாடினார்கள். அதற்கு அடுத்த சில ஆண்டுகளிலேயே அது சரசரவென்று சரிந்தது. 2023 பிப்ரவரியில் 17.9 லட்சம் சதுர கிலோமீட்டர். செயற்கைக்கோள் கணக்கு தொடங்கியதிலிருந்து மிகக் குறைந்த அளவு. அந்த ஆண்டுக் குளிர்காலத்திலும் சராசரியைவிட 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் குறைவாகவே உறைந்தது. காற்றும் கடல் நீரோட்டமும் சூழ்ந்த ஒரு கண்டம், நடுவில் கடலைக் கொண்ட வடதுருவத்தைப் போல ஒரே சீராக நடந்துகொள்ளாது. அதனால் தாமதமானது, தப்பிக்கவில்லை.

நம் நாட்டு நிலையத்தை வைத்தே ஒரு குறும்புக் கேள்வி கேட்பவர்களும் உண்டு. 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கப்பலேறிய எஸ்.இசட். காசிம் தலைமையிலான முதல் இந்தியக் குழு 1982 ஜனவரியில் அண்டார்டிகாவில் கால் வைத்தது. அடுத்து நாம் கட்டிய ‘தட்சிண் கங்கோத்ரி’ நிலையம் பனியில் புதைந்துபோய், 1990இல் அதைக் கைவிட்டோம். ‘பனி குறைகிறது என்றால் நிலையம் ஏன் புதைந்தது?’ அது கடலில் மிதக்கிற பனித்திட்டின் மேல் கட்டப்பட்டது. அங்கே வருஷா வருஷம் விழுகிற பனி அடித்துச் சேர்வது இயல்பு. அதைக் கைவிடும் முன்பே, 1989இல், மைத்ரி நிலையத்தைப் பாறைமேல் கட்டினோம், 2012இல் பாரதி நிலையத்தையும் பாறைமேல்தான் கட்டினோம். கண்டம் முழுவதும் பனி கூடுகிறதா குறைகிறதா என்பதை ஒரு கட்டடத்தை வைத்து அளக்கக்கூடாது. எடை போட்டுப் பார்க்க வேண்டும். எடை போட்டிருக்கிறார்கள். 2002இல் ஏவப்பட்ட ‘கிரேஸ்’ என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தன. கீழே எடை கூடிய இடம் வந்தால் முன்னே போவது சற்றே இழுபடும். அந்த இடைவெளியில் தலைமயிரின் பருமனைவிடக் குறைந்த மாற்றத்தையும் கருவி கண்டுபிடிக்கும். அதன்படி கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக 27,000 கோடி டன் பனியை இழக்கிறது. அண்டார்டிகா 15,000 கோடி டன்னை ஒட்டி இழக்கிறது. இதே செயற்கைக்கோள்கள்தான் வட இந்தியாவில் நிலத்தடி நீர் ஆபத்தான வேகத்தில் குறைவதையும் எடை போட்டுச் சொன்னவை. அதை நம்பிக் கட்டுரை எழுதுகிறோம்; இதை மட்டும் நம்ப மறுப்பது என்ன நியாயம்?

சரி, பனி உருகினால் உருகட்டும், அதனால் சூடு ஏன் கூடவேண்டும்? இதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையே இல்லை. பால்கோவா கிண்டுகிறவரைக் கேளுங்கள். சட்டியில் பால் தண்ணீராக இருக்கிற வரையில் அடுப்பு தகதகவென்று எரியலாம். பால் பொங்கும், கொதிக்கும், ஆனால் எளிதில் கருகாது. அந்தச் சூட்டில் பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். தண்ணீர் வற்றிப் பால் இறுகத் தொடங்கியதும் அதே தீ ஆபத்தாகிறது. கரண்டியை ஒரு நொடி நிறுத்தினாலும் அடிப்பிடித்துவிடும். அதனால்தான் அந்த நேரம் பார்த்து விறகை வெளியே இழுக்கிறார்கள். துருவத்திலும் இதே கதைதான். ஒரு கிலோ பனியை உருக்கச் செலவாகிற வெப்பம், உருகிய அந்த ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கப் போதுமானது. பனி இருக்கிற வரையில் வந்த வெப்பத்தை அது விழுங்கிக்கொள்கிறது. பனி தீர்ந்த பிறகு அதே வெப்பம் கடலைச் சூடாக்குகிறது. போதாக்குறைக்கு, புதுப் பனி தன்மேல் விழுகிற வெயிலில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் திருப்பி அனுப்புகிறது. திறந்த கடலோ பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் உள்ளே வாங்கிக்கொள்கிறது. பனி குறைந்தால் சூடு கூடும். சூடு கூடினால் பனி இன்னும் குறையும். 1979க்குப் பிறகு வட துருவப் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடேறியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அங்கே அடுப்பிலிருந்து விறகை இழுக்க ஆள் இல்லை.

இனி அந்தச் சூடு நம் வீட்டுக்கு எந்த வழியாக வருகிறது என்று பார்ப்போம். முதல் வழி கடல். மிதக்கிற பனி உருகினால் கடல்மட்டம் பெரிதாக ஏறாது. நிலத்தின் மேல் இருக்கிற பனி உருகி இறங்கினால் ஏறும். கிரீன்லாந்தின் பனி முழுதும் உருகினால் கடல் ஏழு மீட்டர் உயரும். அண்டார்டிகா முழுதும் உருகினால் 58 மீட்டர் உயரும். அது நாளைக்கே நடக்கப்போவதில்லை, பல நூற்றாண்டு, பல ஆயிரமாண்டுக் கதை. ஆனால் 1901க்கும் 2018க்கும் நடுவில் உலகக் கடல்மட்டம் ஏற்கெனவே 20 சென்டிமீட்டர் ஏறிவிட்டது, ஏறும் வேகமும் கூடிக்கொண்டே வருகிறது. இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. கிரீன்லாந்தின் பனிமலை அவ்வளவு கனமானது. தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது உருகி எடை குறைந்தால் பிடி தளரும். கிரீன்லாந்தின் கரையோரத்தில் கடல் இறங்கும்! அங்கிருந்து நழுவிய நீர் தொலைவில் இருக்கிற வெப்பமண்டலக் கடல்களில் வந்து சேரும். உருகுகிற ஊரில் கடல் இறங்குகிறது, உருக்காத நம் பக்கத்தில் சராசரியைவிட அதிகமாக ஏறுகிறது. தூரம் நமக்குப் பாதுகாப்பு என்று யாராவது நினைத்தால், இயற்பியல் அதை நேர்தலைகீழாகச் சொல்கிறது.

‘நாங்கள் கடற்கரைக்காரர்கள் இல்லையே’ என்பீர்கள். உங்கள் பருத்திப் பேலும் நூலும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகப் போகிறது, வருகிறது. உங்கள் உப்பு கடல்மட்டத்திலேயே கிடக்கிற தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வருகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டன. அதற்குப் பெரும்பழி பவளப்பாறைகளை வெட்டி எடுத்த நம் பேராசையின் மேல்தான் விழவேண்டும். துருவத்தின் மேல் போட்டுத் தப்பிக்கக்கூடாது. ஆனால் அரண் போன பிறகு கடலும் ஏறினால் மிச்சத் தீவுகளின் கதி என்ன?

இரண்டாவது வழி மழை. மழை கடலிலிருந்து வருகிறது என்பதை ஆண்டாள் பிறந்த ஊரில் நான் சொல்ல வேண்டுமா? திருப்பாவையின் நான்காம் பாட்டில் மேகம் கடலுக்குள் புகுந்து நீர் முகந்து வருகிறது. மார்கழி விடியலில் குழந்தைகளும் அதைப் பாடுகிறார்கள். நவீன அறிவியல் அதோடு ஓர் எண்ணைச் சேர்க்கிறது: காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். உலகத்துக்குக் கூடிய வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் போய்ச் சேர்ந்திருப்பது கடலில். 2024ஆம் ஆண்டில் உலகச் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் போய்விட்டது. சூடான கடல் அதிகம் கொடுக்கிறது, சூடான காற்று அதிகம் சுமக்கிறது. சுமந்ததை எப்போது இறக்கி வைக்கும்? பத்து நாளில் பெய்ய வேண்டியது ஒரே நாளில் இறங்கும். மிச்ச நாட்கள் காய்ந்து கிடக்கும். முன்னே சொன்ன டிசம்பர் மழையை இப்போது திரும்பிப் பாருங்கள். அந்த ஒரு மழைக்குத் தனியாகக் காரணம் சொல்ல மாட்டேன் என்றேன். இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படிப்பட்ட மழைக்கு ஏற்ற கடலும் காற்றும் உருவாகியிருக்கின்றன என்பதை இனி மறுக்க முடியாது.

பருவக்காற்றுக்கும் துருவத்துக்கும் நேரான உறவு உண்டா என்று கேட்டால், ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது என்பதே நேர்மையான பதில். தென்மேற்குப் பருவக்காற்று தென் இந்தியப் பெருங்கடலில், மஸ்கரீன் தீவுகளை ஒட்டிய உயர் அழுத்தப் பகுதியிலிருந்து புறப்பட்டு, நிலநடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் திரும்பி நம்மிடம் வருகிறது. செங்கோட்டைக் கணவாயில் புகுந்து சங்கரன்கோவில், கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றவைப்பது அந்தத் தென்கோளக் காற்றுதான். கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு, வட துருவத்தின் காரா கடலில் கோடைப்பனி குறைவதற்கும், மத்திய இந்தியாவில் செப்டம்பர் மாதம் கொட்டும் பெருமழைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று காட்டியது. இருக்கக்கூடும் என்பதுதான் அவர்கள் சொல், நானும் அதற்கு மேல் போகவில்லை. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய ‘இண்ட்ஆர்க்’ கருவித்தொகுப்பு 2014இல் ஸ்வால்பார்டில் 192 மீட்டர் ஆழத்தில் இறக்கப்பட்டது. நம் பருவமழையைத் தேடித் தமிழ்நாட்டுப் பொறியாளர்களின் கருவி வடதுருவக் கடலடியில் இறங்கியிருக்கிறது.

கடைசி மறுப்புதான் கனமானது. ‘கெடுத்தவர்கள் பணக்கார நாடுகள். நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்?’ கணக்கு உங்கள் பக்கம்தான். இதுவரை மனிதகுலம் எரித்து வெளியேற்றிய கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவினுடையது. இந்தியாவின் பங்கு நூற்றுக்கு 4கூட இல்லை. அவர்களிடம் நியாயம் கேட்க வேண்டும், இழப்பீடு கேட்க வேண்டும், உரக்கக் கேட்க வேண்டும். ஆனால் நியாயம் கேட்கிறவர்கள் கையை வீசிக்கொண்டு நிற்கலாமா? நம் மாவட்டத்தில் துலுக்கப்பட்டியிலும் ஆலங்குளத்திலும் சிமெண்டு ஆலைகள். சிமெண்டுக்காக அரைக்கிற கிளிங்கர் என்ற கட்டியை ஒரு டன் சுடும்போது, எரிபொருளை விட்டுவிட்டாலும், சுண்ணாம்புக்கல்லிலிருந்தே அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். கிளிங்கரைக் குறைத்து அனல்மின் நிலையச் சாம்பலையும் இரும்பாலைக் கசடையும் கலந்தால் அந்த அளவு குறையும். கட்டடம் கட்டுகிறவர் அப்படிப்பட்ட சிமெண்டைக் கேட்டு வாங்கினால் ஆலை தானாக மாறும். தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கும் மேல் காற்றாலைகள் நிற்கின்றன. நம் நூற்பாலைகள் பலவும் சொந்தக் காற்றாலை வைத்திருக்கின்றன. லாபம் பார்த்துச் செய்ததுதான். இருக்கட்டும், கதிர் ஓடுவதற்குக் கரி எரியாமல் இருந்தால் சரி.

நாம் கவனிக்க வேண்டியவற்றில் எஞ்சியிருப்பது மலையும் கண்மாயும். 1988இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமான காடு, 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக விரிந்தது. கிளையோடு கிளை தொடுகிற ஓடைக்கரை மரங்கள் இருந்தால்தான் அந்த அணில் தரையிறங்காமல் வாழும். ஒரே நாளில் கொட்டுகிற மழையை உறிஞ்சி வைத்து, வாரக்கணக்கில் ஊற்றாகக் கசியவிடுவதும் அதே மரங்களின் வேர்தான். செண்பகத்தோப்புக்கு மேலே காடு அழிந்தால் அடிவாரத்துக்கு வருவது தண்ணீர் இல்லை, வெள்ளம். நம் கண்மாய்கள் ஒன்றுக்கொன்று கோத்துக் கட்டப்பட்டவை. மேல் கண்மாய் உடைந்தால் கீழ் கண்மாய் தாங்காது. கலுங்கின் அகலம் பழைய மழைக்குப் போட்ட கணக்கு. இனி வரும் மழைக்கு அது போதுமா என்று பொறியாளர்களைக் கேளுங்கள். வரத்துக்காலில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறதா, மடைப் பலகை இருக்கிறதா, கரையில் ஓட்டை இருக்கிறதா என்று பாசனக்காரர்களைக் கேளுங்கள். கிராம சபையில் கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்குப் பள்ளி ஒரு மழைமானி வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு ஒரு மாணவி அளந்து நோட்டில் எழுதட்டும். அண்டார்டிகாவில் பனி தானாகக் கணக்கு எழுதிவிடும், நம் ஊரில் நாம்தான் எழுத வேண்டும். முப்பது ஆண்டு நோட்டுகள் சேர்ந்தால், அந்த ஊரின் கலுங்கை எவ்வளவு அகலமாகக் கட்டுவது என்று அவை சொல்லும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் நோட்டையும் வாங்கிவிடுங்கள், கண்மாய்க் கரையையும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.